குப்பை தின்ற மீன்

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மற்றவர்கள் கத்துகிற இடத்தில் அவள் முணுமுணுப்பாள். மற்றவர்கள் முணுமுணுக்கிற இடத்தில் வாயையே திறக்க மாட்டாள். மீன் மார்க்கெட்டில் எல்லோருக்கும் இது தெரியும். வெட்டுப்பலகை முன்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே அவள் மீன் நறுக்கினால் அது நல்ல நாள். பேச்சு நின்று கத்தி மட்டும் தடதடவென்று இறங்கினால், பக்கத்துக் கடைக்காரன் தண்ணீர்ச் சொம்பு கேட்கக்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான்.

கடை அவளுடைய தம்பியுடையது. அப்பா நடத்திய கடை. அப்பா போன பிறகு யாரும் யாரிடமும் எதுவும் கேட்காமலே தம்பியின் கைக்குப் போனது. தம்பி முன்னால் தராசோடும் வாயோடும் நிற்பான், அவள் பின்னால் கத்தியோடு உட்காருவாள். அவனுக்கு வாய்தான் மூலதனம். செத்து இரண்டு நாள் ஆன மீனைக்கூட "இப்பதான் கண்ணை மூடுச்சு" என்று சொல்லி விற்றுவிடுவான். அவள் சிரித்துக்கொண்டே செதில் சீவுவாள்.

அந்தக் காலத்தில் அவளை உறுத்திக்கொண்டிருந்த விஷயம் வேறு. ஒரு மீனை எடுத்தால் பாதிதான் வீட்டுக்குப் போகிறது. தலை, குடல், செவுள், தோல், முள் எல்லாம் கூடையில் விழுகிறது. மதியமானால் எல்லாக் கடைக்காரர்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு வருவார்கள். வாய்க்காலுக்கு அது போதாது என்று காய்கறிப் பக்கத்துக்காரர்கள் முட்டைக்கோஸ் இலையையும் அன்னாசித் தோலையும் அழுகின பப்பாளியையும் கொட்டுவார்கள். தண்ணீர் கறுப்பாக, மேலே எண்ணெய் மினுக்கத்தோடு, நகராமல் கிடக்கும். அவளும்தான் கொட்டினாள். கொட்டிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பும்போதெல்லாம், ஏதோ ஒரு தப்புக்குத் தன்னைக் கூட்டாளி ஆக்கிவிட்டார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக இருக்கும். யார் ஆக்கினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு நாள் கத்தி வழுக்கிக் கட்டைவிரலின் அடியில் இறங்கியது. காயம் ஆறியது, ஆனால் நரம்பு ஆறவில்லை. விரல் மடங்க மறுத்துவிட்டது.

"நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கா" என்றான் தம்பி. "கடையை நான் பாத்துக்கறேன்."

கட்டுப் பிரித்த மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல் மார்க்கெட்டுக்குப் போனாள். அவளுடைய பலகையில் வேறு ஒரு ஆள் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் வைத்துவிட்டுப் போன குட்டை ஸ்டூல்மேல்தான் உட்கார்ந்திருந்தான்.

"நீயே சொல்லுக்கா, விரல் மடங்காம எப்படி வெட்டுவ?" என்றான் தம்பி, அவள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே.

அவன் சொன்னது நியாயம்தான். அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் அந்த நியாயத்தை ஒரு நாள் முன்னால் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே. அத்தனை பேர் பார்க்க, தன் ஸ்டூலைத் தானே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காதே. அவள் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தாள். அந்த நடையைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரன் தம்பியிடம், "இன்னிக்கு உனக்கு நேரம் நல்லா இருக்கு, கத்தி அவங்க கையில இல்ல" என்றானாம்.

அவள் புருஷன் பஞ்சர் ஒட்டுகிறவர். பெரிய ரோட்டோரம், மார்க்கெட் வாய்க்கால் ஒட்டி ஓடுகிற இடத்தில், மூடிப்போன ஒரு செங்கல் சூளைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். சூளைக்கு மண் தோண்டிய பள்ளங்கள் மழைத் தண்ணீர் நிரம்பிக் குட்டைகளாகக் கிடந்தன. அந்த இடத்தை எந்த உபயோகமும் இல்லை என்று சூளைக்காரர் குத்தகைக்குக் கொடுத்தார். புருஷனும் பெண்டாட்டியும் அதில் கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விட்டார்கள்.

குஞ்சு விடுவது சுலபம், வளர்ப்பதில்தான் வினை. கடையில் வாங்கும் குருணைத் தீவனம் மூட்டை மூட்டையாக உள்ளே போனது.

"நாம மீனைச் சாப்பிடுவோம்னு பாத்தா, மீனு நம்மளைச் சாப்பிட்டுட்டு இருக்கு" என்றார் பஞ்சர்க்காரர்.

அந்தச் சமயத்தில்தான் மீன்வளத்துறை நடத்திய ஒரு பயிற்சிக்கு அவள் போனாள். பயிற்சி கொடுத்த மேடத்துக்கு எப்போதும் ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாகத்தான் பேசுவாள். வந்தவர்களில் பாதிப் பேர் தூங்கிவழிய, மீன் கழிவைப் புளிக்க வைத்துத் தீவனமாக்குவது எப்படி என்று அந்த மேடம் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். குடலையும் தலையையும் அரைக்க வேண்டும். இலை, பழத்தோல் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக் கலக்க வேண்டும். சர்க்கரை ஆலையில் கழித்துவிடும் கறுப்புப் பாகை ஊற்ற வேண்டும். காற்றுப் புகாமல் டிரம்மில் அடைத்து மூட வேண்டும். உள்ளே புளிப்பு ஏறும். அந்தப் புளிப்பு இருக்கும்வரை அழுகல் கிட்டே வராது. முள்கூட மெத்தென்று ஆகிவிடும். பிறகு தவிட்டோடு பிசைந்து, காய வைத்து, மீனுக்குப் போடலாம்.

"முழுக்க இதையே போடாதீங்க" என்று மேடம் மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள். "பழைய தீவனத்தோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து பழக்குங்க. அப்புறம் வாசனை முக்கியம். புளிச்ச வாசனை வந்தா நல்லது. நாத்தம் வந்தா தூக்கிக் கொட்டிடுங்க, ஆசைப்படாதீங்க. எனக்கு மூக்கு வேலை செய்யாது, நீங்கதான் பாத்துக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா புருஷனிடம் சொன்ன முதல் வார்த்தை: "இத்தனை வருஷம் நான் வாய்க்கால்ல கொட்டினது தீவனம்."

குரல் ரொம்பவும் கீழே இருந்ததால் அவர் பதில் சொல்லவில்லை.

முதல் டிரம் வெடித்தது. பாகைக் குறைவாக ஊற்றி, மூடியை மட்டும் இறுக்கி முடுக்கியிருந்தாள். உள்ளே சேர்ந்த வாயு மூடியைத் தூக்கிக் கொட்டகைக் கூரையில் அடித்தது. பஞ்சர்க்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் மீன் குடல் வந்து விழுந்தது. அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிதானமாக, "டயர் வெடிச்சா பஞ்சர் போடலாம். இதுக்கு என்ன போடறது?" என்றார்.

ஆனால் போட்டார். பழைய டியூபிலிருந்து ஒரு குழாயை வெட்டி டிரம் மூடியில் பொருத்தி, அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். உள்ளே இருக்கும் வாயு குமிழ் குமிழாக வெளியே வந்தது, வெளிக்காற்று உள்ளே போகவில்லை. இரண்டாவது டிரம்மைத் திறந்தபோது அக்கா முகத்தை உள்ளே விட்டு இழுத்து மோந்தாள். பழுத்த பழமும் புளித்த மாவும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. அடியில் எங்கோ மீன் இருந்தது. நாற்றம் மட்டும் இல்லை. அவள் சிரித்த சிரிப்பு பஞ்சர்க்காரருக்கு அதற்கப்புறம் பல நாள் ஞாபகம் இருந்தது.

மீன்கள் அவள் காலடிச் சத்தத்துக்கே கரைக்கு வர ஆரம்பித்தன. அவள் காலையில் மார்க்கெட்டுக்குத் தள்ளுவண்டியோடு போய், கடை கடையாகக் கழிவை வாங்கிவருவாள். காய்கறிப் பக்கமும் ஒரு சுற்று. வாய்க்காலில் கொட்டுவது குறைந்தது. நீல டிரம்கள் கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக நின்றன. அக்கா, டிரம்மு அக்கா ஆனாள்.

மீன் கைக்கு வந்ததும் முதலில் தம்பியிடம்தான் கொண்டுபோனாள். பழைய மனக்கசப்பை மென்று முழுங்கிவிட்டுத்தான் போனாள். கூடப் பிறந்தவன், கடையும் இருக்கிறது, வேறு எங்கே போவது?

தம்பி ஒரு மீனைத் தூக்கிப் பார்த்தான். செவுளைப் பிரித்துப் பார்த்தான். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டான்.

"மீனு நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ குப்பை போட்டு வளக்கறது மார்க்கெட்டுக்கே தெரியும்கா. தினமும் வண்டியில அள்ளிட்டுப் போறியே. குப்பை தின்ன மீனை எவன் வாங்குவான்?"

"குப்பை இல்லடா. புளிக்க வச்சது."

"அதை யாருகிட்ட போய் விளக்கிட்டு நிப்பே? நான் எடுத்துக்கறேன். கொஞ்சம் கம்மியாத்தான் தர முடியும். நம்ம அக்காங்கறதாலதான் இதுவும்."

அவள் நம்பினாள். தன் மீனுக்காகத் தம்பி சங்கடப்படுகிறான் என்றுகூட நினைத்தாள். வாரத்தில் சில நாள் விடியற்காலையில் மீனை இறக்கிவிட்டு, அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கழிவுக் கூடைகளை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடுவாள். அவன் யாருக்கு விற்கிறான் என்று நின்று பார்த்ததில்லை. பார்க்க நேரமும் இல்லை, வாங்கிய கழிவை வெயில் ஏறுவதற்குள் அரைத்தாக வேண்டும்.

இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புது வீடுகள் வந்தன. வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல், வாசலில் பூந்தொட்டி. வீடு வந்ததும் சங்கம் வந்தது, சங்கம் வந்ததும் தலைவர் வந்தார். ஏதோ ஒரு பெரிய ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் ஓயாதவர். தெருவில் ஒரு விளக்கு எரியாவிட்டால் அன்றைக்கே நகராட்சிக்கு மனு போய்விடும். அந்த வகையில் நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

கோடையில் வாய்க்கால் வற்றியது. அடியில் பல வருஷமாகச் சேர்ந்த சேறு வெளியே வந்து நாறியது. காற்று அடித்தால் அந்த வீடுகளில் ஜன்னல் திறக்க முடியாது. சங்கம் கூடி, நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தது. வாய்க்கால் எல்லோர் கண்ணிலும் இருந்தது, எனவே யார் கண்ணிலும் படவில்லை. நீல டிரம்கள் பட்டன.

நகராட்சிக்கு மனு போனது. மீன் குடலை மாதக்கணக்கில் அழுக வைத்து, அதை மீனுக்குப் போட்டு, அந்த மீனை ஊருக்கு விற்கிறாள் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஒரு தெருவே கையெழுத்துப் போட்டிருந்தது. அக்காவுக்கு அதைப் படித்துக் காட்டியபோது, நாற்றம் என்ற வார்த்தைகூட அவளை அவ்வளவு சுடவில்லை. 'அழுக வைத்து' என்றதுதான் சுட்டது.

"அழுகினதை நான் ஒரு தடவையாவது போட்டிருக்கேனா?" என்று புருஷனிடம் கேட்டாள். "கொஞ்சம் சந்தேகம்னாலும் குழி தோண்டிப் புதைக்கறேன். டிரம்மு டிரம்மா புதைச்சிருக்கேன். வந்து மோந்து பாத்துட்டு எழுதியிருக்கலாம் இல்ல?"

"மோந்து பாத்தா அப்புறம் எழுத முடியாதே" என்றார் பஞ்சர்க்காரர்.

சில நாள் கழித்துத் தலைவரே ஆள் அனுப்பினார். சண்டை எதற்கு, வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று. அக்கா கையைச் சோப்புப் போட்டு மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு, துவைத்த துணி உடுத்திக்கொண்டு போனாள். போன நேரம் மதியம். தலைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

"வாங்க வாங்க, உட்காருங்க" என்றார் தலைவர். பக்கத்து நாற்காலியில் பழைய பேப்பர் அடுக்கியிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. அவள் நின்றாள்.

"எனக்கு உங்க மேல தனிப்பட்ட கோபம் ஒண்ணும் கிடையாது. உழைக்கிறவங்கதான் நீங்க. ஆனா நீங்க பண்றது சுகாதாரக் கேடு. அந்த டிரம்மையெல்லாம் எடுத்துட்டு ஊருக்கு வெளியே எங்கேயாவது போயிட்டா நாங்க மனுவை வாபஸ் வாங்கிக்கறோம்."

"சார், டிரம்மு காத்துப் போகாம மூடி இருக்கு. நாத்தம் வாய்க்கால்ல இருந்து வருது. நீங்க ஒரு தடவை வந்து பாத்தீங்கன்னா..."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? குடல் அழுகினா நாறாதா?" அவர் மீனைப் பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. நான் மீன் தெரிஞ்சவன். வளர்ப்பு மீனை நான் தொடவே மாட்டேன். இது ஆத்து மீனு. மார்க்கெட்டுல ஒருத்தன் எனக்குன்னே எடுத்து வைப்பான். ஆத்துல ஓடின மீனோட ருசியே தனி. அந்தக் குப்பை தின்ன மீனெல்லாம் வாயில வைக்க முடியுமா, சொல்லுங்க?"

அக்கா பதில் சொல்லப்போனவள் தட்டைப் பார்த்தாள். தட்டில் மொறுமொறுவென்று வறுத்த மீன், முழுதாக. அதன் வால் இடது பக்கம் மடங்கி இருந்தது.

அந்த மீனை அவளுக்குத் தெரியும். குஞ்சாக இருக்கும்போது ஏதோ பறவை கொத்தி, வால் கோணலாகவே வளர்ந்த மீன் அது. கோணவாலன் என்று பேர் வைத்திருந்தாள். நேராக நீந்த வராது, ஆனால் தீவனம் போட்டால் முதல் ஆளாக வந்து நிற்கும். அன்று காலையில்தான் வலையில் வந்திருந்தது. "இதையும் குடுத்துடவா?" என்று பஞ்சர்க்காரர் கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கூடையில் போட்டாள். கூடை தம்பி கடைக்குப் போனது.

"மார்க்கெட்டுல எந்தக் கடை சார்?" என்று கேட்டாள். குரல் தலைவருக்குக் கேட்டிருக்குமோ என்னவோ, அவ்வளவு கீழே இருந்தது.

தலைவர் சொன்னார். தம்பியின் கடையைத்தான் சொன்னார். ஆத்து மீன் கிடைப்பது எவ்வளவு கஷ்டம், அதனால் அவன் கேட்கிற விலையைக் கொடுத்தாலும் தகும் என்றும் சொன்னார்.

"நல்லா இருக்கா சார்?"

"அமிர்தம்" என்றார் தலைவர்.

"நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். டிரம்மை எடுப்பதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசல்வரை வந்த தலைவரின் மனைவி, "தண்ணி ஏதாவது குடிக்கறீங்களா?" என்று கேட்டது அவள் காதில் விழவே இல்லை.

மார்க்கெட்டில் கூட்டம் வடிந்திருந்தது. தம்பி கடைக்கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும், "என்னக்கா, இந்த நேரத்துல?" என்றான். முகத்தைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்தினான்.

"ஆத்து மீனு இருக்காடா?"

பக்கத்துக் கடைக்காரன் தன் தராசைத் துடைக்கிற சாக்கில் காதை இந்தப் பக்கம் திருப்பினான்.

"அக்கா, உள்ள வா, பேசிக்கலாம்."

"உள்ளே எதுக்கு? என்னைக் குப்பைக்காரின்னு வெளியில வச்சுத்தானே சொன்ன."

"நான் சொல்லலை. ஊர் சொல்லுச்சு. நான் மறுக்கலை, அவ்வளவுதான்."

"மறுக்கலை." அவள் அந்த வார்த்தையை வாயில் வைத்துப் பார்த்தாள். "மனுவுல எழுதினாங்களே, அழுக வச்சுப் போடறாள்னு. அது உனக்குத் தெரியுமா?"

"அந்தச் சாரு இங்க வந்து மீன் வாங்கும்போது சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

தம்பி தண்ணீர்க் குழாயை மூடினான். "வாடிக்கைக்காரரு. அவர்கிட்ட என்னன்னு சொல்றது? அது எங்க அக்கான்னா சொல்றது? சொன்னா இந்த மீனு எங்கிருந்து வருதுன்னு கேப்பாரு. யோசிச்சுப் பாருக்கா. உன் பேரைச் சொல்லியிருந்தா ஒரு மீனு வித்திருக்காது. ஆத்து மீனுன்னு சொன்னதாலதான் வித்துது. வித்ததாலதான் உன்கிட்ட வாங்க முடிஞ்சுது. நான் உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பொய் இல்லை. அவன் அதை உண்மையாகவே நம்பினான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. ஏமாற்றுகிறவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டால் திட்டிவிட்டு வந்துவிடலாம். நல்லது செய்ததாக நிமிர்ந்து நிற்பவனை என்ன செய்வது?

"என்னை வெட்டுப்பலகையில இருந்து எழுப்பினப்பவும் எனக்கு நல்லதுதான் பண்ணின" என்றாள். "கூடக் கொஞ்சம் காசு எடுத்தேன்னு வந்து சொல்லியிருந்தா எடுத்துக்கோடான்னு சொல்லியிருப்பேன். கூடப் பிறந்தவன்தானே. என் மீனை அமிர்தம்னு வித்துட்டு, என்னை அழுகல்னு சொல்ல விட்ட பாரு. நான் குனிஞ்சு உன்கிட்ட கூடையைக் குடுத்துட்டு, நீ எடுத்துக்கறதே பெருசுன்னு நினைச்சுட்டுப் போனேன் பாரு."

"அக்கா..."

"இனிமே உனக்கு ஆத்து மீனு வராது. ஆத்துல போய்ப் பிடி."

வேறு ஒருத்தியாக இருந்து கத்தியிருந்தால் மார்க்கெட் கூடியிருக்கும். அவள் கத்தவில்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரன் கேட்டதை மறுநாள் விடிவதற்குள் எல்லாக் கடைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.

அடுத்த தடவை வலை போட்டபோது அக்கா மீனை உயிரோடு எடுத்தாள். பஞ்சர்க்காரர் லாரி டியூப் ஒன்றை இரண்டாக வெட்டி, தள்ளுவண்டியில் தண்ணீர்த் தொட்டி ஒன்றை ஆடாமல் கட்டிக் கொடுத்தார். மார்க்கெட் வாசலில் தரைக்கடைகள் போடுகிற இடத்தில், அன்றாட வாடகை கொடுத்துவிட்டு, வண்டியை நிறுத்தினாள். மீன்கள் தொட்டியில் துள்ளின. பக்கத்தில் ஒரு வாளி. வாளியில் மீன் தீவனம். மூடி திறந்தே இருந்தது.

"அந்த வாளியை ஏன் கொண்டு வர்ற?" என்று புருஷன் கேட்டதற்கு, "மூடி வச்சதாலதானே அழுகல்னு சொன்னாங்க" என்றாள்.

வந்தவர்கள் தொட்டியைப் பார்த்தார்கள். "என்ன மீனு? ஆத்து மீனா?"

"ஆத்து மீனு இல்ல. குட்டையில வளத்தது. மீன் கழிவும் காய்கறிக் கழிவும் புளிக்க வச்சுத் தவிட்டுல கலந்து போட்டு வளத்தது. தீவனம் இதோ இருக்கு, மோந்து பாருங்க."

சிலர் மோந்து பார்க்காமலே நகர்ந்தார்கள். ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து, பிறகு முந்தானையை எடுத்துவிட்டு மறுபடி குனிந்து, "ஊறுகாய் மாதிரி இருக்கு" என்றாள். வாங்கவும் செய்தாள். இரண்டு இளவட்டங்கள் "குப்பை மீன் எவ்வளவு?" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குத் தொட்டியில் பாதிக்கு மேல் மீன் அப்படியே திரும்பியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு கொதித்தது. ஒரு பொய்யை வரிசையில் நின்று வாங்கியவர்கள் உண்மைக்கு மூக்கைப் பொத்துகிறார்களே என்று.

இருந்தும் மறுபடி போனாள். உயிரோடு துள்ளுகிற மீனுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை என்று சிலருக்குத் தோன்ற ஆரம்பித்தது. முதல் நாள் வாங்கிய பெண் தன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையோடு வந்தார். நேராகத் தம்பி கடைக்குப் போனார். ஆத்து மீன் இல்லை என்று தம்பி தலையைச் சொறிந்தான். எப்போது வரும் என்று கேட்டார். தெரியாது என்றான். அவர் திரும்பி வாசல் பக்கம் வந்தபோது அக்கா அவரைப் பார்த்தாள்.

"சார், வாங்க. நீங்க தேடற மீனு இங்க இருக்கு."

"இது வளர்ப்பு மீனு ஆச்சே."

"நீங்க இவ்வளவு நாளா சாப்பிட்டது இதுதான் சார். அந்தக் கடைக்கு நான்தான் போட்டேன். அன்னிக்கு உங்க தட்டுல வால் கோணலா ஒரு மீனு இருந்துச்சே, அதை நான் கையால தீவனம் போட்டு வளத்தேன். நீங்க அமிர்தம்னு சொன்னீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தம்பியின் கடையைத் திரும்பிப் பார்த்தார். தம்பி குனிந்து ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு" என்றார் தலைவர். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா எதிர்பார்த்தது அதுவல்ல. தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை. நாலு பேர் முன்னால்கூட வேண்டாம், தனியாக வந்து சொன்னாலும் போதும். அந்த ஒரு வார்த்தை கடைசிவரை வரவில்லை.

மனு மட்டும் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. நகராட்சி ஆளும் மீன்வளத்துறை மேடமும் சேர்ந்து வந்து பார்த்தார்கள். மேடம் கைக்குட்டையைப் பையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு டிரம்மிலும் காகிதத் துண்டை நனைத்துப் புளிப்பைச் சோதித்தாள். ஒரே ஒரு டிரம்மில் மட்டும் புளிப்புப் போதவில்லை. "இதைப் புதைச்சிடுங்க" என்றாள். அக்கா மறுபேச்சு பேசாமல் மண்வெட்டியை எடுத்தாள். நகராட்சி ஆள் வாய்க்காலோரம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, வாந்தி வருகிற முகத்தோடு திரும்பிவந்தார். மற்ற டிரம்களில் குறை இல்லை, வாய்க்காலைத் தூர் வார வேண்டும் என்று முடிவானது. தூர் வாரவும் செய்தார்கள். நாற்றம் குறைந்தது. சங்கம் கூட்டம் போட்டு, மனு கொடுத்து நடவடிக்கை எடுக்க வைத்ததற்காகத் தலைவருக்கு நன்றி சொன்னது.

அதைக் கேள்விப்பட்ட அன்று அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் இலை நறுக்கினாள். பஞ்சர்க்காரர் தூரத்திலேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டியதே இல்லாத டியூபை ஒட்டிக்கொண்டிருந்தார்.

தலைவரின் மனைவி இப்போது வாரம் ஒருமுறை அக்காவின் வண்டிக்கு வருகிறாள். முதல் தடவை வந்தபோது, அன்று நாற்காலியில் இருந்த பேப்பரைத் தான் எடுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று தானாகவே சொன்னாள். அக்காவின் மனதுக்கு அது போய்ச் சேர்ந்தது.

"சாரு சாப்பிடறாரா?" என்று ஒரு நாள் அக்கா கேட்டாள்.

"சாப்பிடறார். தட்டுல ஒண்ணும் மிச்சம் வைக்கறதில்லை. ஆனா ருசி முன்ன மாதிரி இல்லைங்கறார்."

"எப்பலேர்ந்து இல்லையாம்?"

"தெரிஞ்சதுலேர்ந்து" என்று சொல்லி அந்த அம்மா சிரித்தாள். அக்காவால் சிரிக்க முடியவில்லை. மீனைச் சுத்தம் பண்ணி, மடங்காத கட்டைவிரலால் பையின் வாயைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தாள்.

தம்பியோடு பேச்சு நின்றது நின்றதுதான். அவன் கடலிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீனை விற்கிறான். வியாபாரம் கொஞ்ச நாள் படுத்துவிட்டு எழுந்துகொண்டது, அவன் வாய்க்கு எப்படியும் எழுந்துவிடும். மார்க்கெட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போகும்போது அவன் ஒதுங்கி வழி விடுவான். அவள் எல்லாக் கடைக் கழிவையும் வாங்குவாள், அவன் கடைக் கூடையை மட்டும் தாண்டிப் போய்விடுவாள். வாய்க்காலில் கொட்டக் கூடாது என்று இப்போது கட்டுப்பாடு வந்துவிட்டதால், அவன் கழிவை வைத்துக்கொண்டு திண்டாடினான். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வந்து, இருப்பது ஒரே தம்பி என்று சமாதானம் பேசிப் பார்த்தார்கள். "இருக்கறது ஒரே அக்கான்னு அவனுக்கும் சொன்னீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் கொட்டகை வாசலில் ஒரு வாளி இருந்தது. நிறைய மீன் தலையும் குடலும். மேலே ஈ மொய்க்காமல் ஈரச் சாக்குப் போட்டு, கல் வைத்திருந்தது. தம்பி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவது ரோட்டில் தெரிந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை.

அக்கா கல்லையும் சாக்கையும் எடுத்தாள். பிறகு குனிந்து மோந்து பார்த்தாள். அன்றைய கழிவு, கெடவில்லை. தூக்கிக்கொண்டு போய் அரைவை இயந்திரத்தில் கவிழ்த்தாள்.

பஞ்சர்க்காரர் காலி வாளியைக் கையில் எடுத்தார். "அப்ப, சமாதானமா?"

"கழிவு என்ன பண்ணுச்சு? அது மேல எனக்குக் கோபம் இல்ல."

"சரி. வாளியைக் கழுவி வாசல்ல வச்சிடட்டுமா? நாளைக்கு வந்து எடுத்துக்குவான்."

அவள் அரைவை இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"அப்படியே வைங்க" என்றாள். "அவனே கழுவிக்கட்டும்."